கேரம் போர்டில் ஒரு முற்றுகை

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்துவிட்டு, "இன்னா, இன்னும் கொலுவ எடுக்கலையா?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் அம்மா பொறுமையாக விளக்கம் சொல்லிப் பார்த்தாள். இப்போதெல்லாம் "எடுக்கணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டீ போடப் போய்விடுகிறாள். அலமாரியில் இருப்பது சிப்பாய்கள். விரல் நுனி உயரம்தான், முந்நூறுக்கு மேல் இருக்கும், ஒவ்வொருவனுக்கும் சட்டை, பெல்ட், பொத்தான் வரை நானே பெயின்ட் அடித்தது. நாற்பத்தைந்து வயதில், பழைய வண்ணாரப்பேட்டையில், பொம்மை வைத்து விளையாடுகிற ஆள் நான். கூச்சமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

விஷயம் இதுதான். நடந்து முடிந்த ஒரு போரை எடுத்துக்கொண்டு, அந்த நிலத்தை மேசைமேல் சின்னதாகச் செய்து, இரண்டு படைகளையும் பொம்மைகளாக நிறுத்தி, அளவு நாடாவும் தாயக்கட்டையும் விதிப்புத்தகமும் வைத்துக்கொண்டு மறுபடி ஆடிப் பார்ப்பது. சதுரங்கத்தில் குதிரை எப்போதும் குதிரை மாதிரியே நடக்கும். இங்கே குதிரை சேற்றில் மாட்டும், பயந்து திரும்பும், சில சமயம் சொன்ன பேச்சைக் கேட்காது.

எனக்கு இது தொற்றியது அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில். இருபது வருஷம் இருக்கும். கல்லூரிப் பாடப்புத்தகம் தேடப் போய், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையை வாங்கி வந்தேன். உள்ளே நடுப்பக்கம் முழுக்க, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ. ஆயிரக்கணக்கான குட்டி பொம்மைகள், பஞ்சால் செய்த பீரங்கிப் புகை, சுற்றிலும் தொப்பையும் கண்ணாடியுமாக நான்கு வெள்ளைக்காரத் தாத்தாக்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் தெருமுனை கேரம் கிளப்பில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், சிவப்புக் காயை ஃபாலோவோடு போட்டவன் முகத்தில்.

கேரம் என்றதும் சொல்லிவிடுகிறேன், இந்த ஏரியாவில் இந்த விளையாட்டுக்கு வசதியாக அமைந்தது அதுதான். டிபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் விதிமுறை ஒன்று உண்டு, பழங்கால, இடைக்காலப் போர்களுக்கானது. ஒரு படைக்குப் பன்னிரண்டே துண்டுகள், 15 மில்லிமீட்டர் பொம்மை என்றால் இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். கேரம் போர்டின் ஆடுகளம் 74 சென்டிமீட்டர் சதுரம். தாராளம். எம்.சி. ரோட்டில் வெட்டுத்துணியாகக் கிடைத்த பச்சை வெல்வெட்டை மேலே விரித்தால் புல்வெளி. முதல் நாள் துணி விரிக்காமல் ஆடி, போரிக் பவுடர் வழவழப்பில் சோழர் யானைப்படை தானாக வழுக்கிக்கொண்டே போய் பாக்கெட்டில் விழுந்தது. கேரம் நண்பன் அதற்கு 'டியூ', அதாவது அபராதக் காய், கேட்டான்.

ஆரம்பத்தில் கொப்பம் போரைத்தான் திரும்பத் திரும்ப ஆடினோம். 1054. சாளுக்கியர்கள் யானை மேலிருந்த சோழ மன்னன் ராஜாதிராஜனைக் குறிவைத்துக் கொன்றுவிட, படை சிதற ஆரம்பிக்க, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டு நிலைமையைத் திருப்பிய போர் அது. டிபிஏவில் ஒவ்வொரு முறையும் ஒரு தாயக்கட்டை உருட்ட வேண்டும், விழுந்த எண் எவ்வளவோ அத்தனை நகர்த்தல்தான், ஒரு நகர்த்தலுக்கு ஒரு துண்டு அல்லது ஒட்டி நிற்கிற ஒரு குழு. ஆறு விழுந்தால் ராஜா, ஒன்று விழுந்தால் உன் படையில் மிச்சமெல்லாம் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான்கு துண்டுகளை இழந்தால் தோல்வி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். யானை முன்னே போனால் எல்லோரும் மிரள்வார்கள், ஆனால் சில்லறையாக ஈட்டி எறிகிற நாலு பேரிடம் தோற்றால் யானை ஒரேயடியாகக் காலி. "ராஜாவை ஏன்டா யானை மேல ஏத்தறாங்க, குறி பார்த்து அடிக்க வசதியா?" என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ராஜா கண்ணில் தெரிந்தால்தான் படை நிற்கும், கண்ணில் தெரிந்தால் எதிரிக்கும் தெரியும். அதற்கு எந்த விதிப்புத்தகமும் பதில் வைத்திருக்கவில்லை.

அப்புறம் நான் உள்ளூருக்கு வந்தது மாடிப் பூங்காவால். பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், மேடாக ஒரு பழைய மதில், அதன் மேல் பூங்கா. சின்ன வயதிலிருந்து அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறேன், அது எதற்கு இருக்கிறது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்களும் பிறகு ஹைதர் அலியும் மாறிமாறி வந்து பயமுறுத்திய பிறகு, 1770 வாக்கில் கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர்கள் கட்டிய கோட்டைச் சுவரில் மிச்சமிருக்கும் துண்டு அது. அந்தச் சுவருக்காக மக்களிடம் வரி கேட்கப் போய்த்தான் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் வந்தது. அப்படியானால் சுவர் இல்லாத காலத்தில் வந்தவன் யார், எந்த வழியாக வந்தான்? இந்த ஒரு கேள்வியில் நெப்போலியனை மூட்டை கட்டி லாஃப்டில் போட்டேன்.

வந்தவர் லாலி, பிரெஞ்சுத் தளபதி. புதுச்சேரியிலிருந்து படையோடு கிளம்பி வந்து, 1758 டிசம்பர் 14 அன்று கறுப்பர் நகரத்துக்குள் நுழைந்தார். இன்றைய ஜார்ஜ் டவுன்தான் அது. முத்தியால்பேட்டை, பெத்தநாய்க்கன்பேட்டை. ஆங்கிலேயர்கள் எதிர்க்காமல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் ஒதுங்கிவிட்டார்கள். காவலில்லாத, பணக்கார ஊர். பிரெஞ்சுப் படை கொள்ளையில் இறங்கியது, அதைவிட முக்கியமாக, சாராயம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தெருத்தெருவாகக் குடித்துவிட்டுக் கிடந்தார்கள். கோட்டையிலிருந்த ஆங்கிலேய அதிகாரி டிரேப்பர் இதைக் கேள்விப்பட்டு, அன்றைக்கே ஏறத்தாழ 600 பேரையும் இரண்டு சின்ன பீரங்கிகளையும் கூட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தார். தெருவுக்குள் சண்டை. பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான தெஸ்தேங் பிடிபட்டார். ஆனால் போதையிலும் பிரெஞ்சுக்காரர்கள் சுதாரித்துக்கொள்ள, டிரேப்பர் நிறையப் பேரைப் பறிகொடுத்துக் கோட்டைக்குத் திரும்பினார். அதன்பிறகு இரண்டு மாத முற்றுகை. 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்ததும் லாலி மூட்டை கட்டினார்.

நான் தினமும் ஷேர் ஆட்டோவில் போகிற வழி இது. இங்கே இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

சரி, போர்டில் கொண்டுவருவோம் என்று உட்கார்ந்தால் நிலமே வேறு. ஓர் அங்குலத்துக்கு 50 மீட்டர் என்று வைத்தேன், கோட்டையின் வடக்குச் சுவரிலிருந்து மண்ணடி வரைக்கும் வருகிறது. வண்ணாரப்பேட்டைக்கு இடமில்லை, என் வீடு போர்டைத் தாண்டித் தரையில், மிக்சர் தட்டு இருக்கும் இடத்தில் வரும். கடல் எங்கே? இன்றைக்கு நாம் பார்க்கிற துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் அரித்தது. 1758இல் அலை கோட்டைச் சுவர் வரை வந்துகொண்டிருந்தது, இன்றைய ராஜாஜி சாலைதான் கடற்கரை. எனவே நீலத் துணியை நான் நினைத்ததைவிட நாலு விரல் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. பிராட்வே? அப்போது அது ரோடே இல்லை, இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே தண்ணீர் ஓடுகிற பள்ளம். 1780களில் போஃபாம் என்ற வக்கீல் எடுத்துக்கொண்டு நிரப்பியதால்தான் அவர் பெயரில் பிராட்வே ஆனது. ஒவ்வொரு மழைக்கும் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்பதைப் பார்த்து இத்தனை வருஷம் யாரையெல்லாம் திட்டியிருக்கிறேன்! இப்போது அந்தப் பள்ளத்தை வெல்வெட்டுக்குக் கீழே இரண்டு தீக்குச்சிப் பெட்டி வரிசை அடுக்கி, நடுவே தாழ்வாக விட்டுக் காட்டுகிறேன். குதிரையும் பீரங்கியும் அதைக் கடக்க ஒரு சுற்று வீண்.

பொம்மைகளுக்கு வருகிறேன், பணம் இதில்தான் போகிறது. இங்கிலாந்தில் செய்யும் 28 மில்லிமீட்டர் உலோகப் பொம்மைகள் அழகுதான், ஆனால் தபால் செலவும் வரியும் சேர்ந்தால் ஒரு சிப்பாய் ஒரு பிரியாணி விலைக்கு வந்து நிற்பான். ஒருமுறை வரவழைத்த பார்சல் வழியில் எங்கோ மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு, கையில் கிடைத்தபோது பாதிப் பேருக்குத் துப்பாக்கி இல்லை. அதோடு விட்டேன். முற்றுகைக்கு 1/72 பிளாஸ்டிக்தான். ஆள் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, ஒரு பெட்டியில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். சென்னை முற்றுகைக்கென்று யாரும் பெட்டி போடவில்லை. ஆனால் இது ஐரோப்பிய நாடுகள் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போரின் ஒரு பகுதிதானே, அந்தப் போரின் ஆஸ்திரியர்களும் பிரஷ்யர்களும் கிடைக்கிறார்கள். ஆஸ்திரியனுக்கு வெள்ளைச் சட்டை, பிரெஞ்சு லொரேன் ரெஜிமென்ட்டுக்கும் வெளிர் சட்டை, அதே முக்கோணத் தொப்பி. மதம் மாற்றுவதைவிடச் சுலபம்.

இந்த பிளாஸ்டிக் வளையும், வளைந்தால் பெயின்ட் உரிந்து வரும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு பூச்சு கொடுத்துவிட்டுத்தான் கலர் தொட வேண்டும். அடியில் ஒட்ட மண்ணடியில் எடை போட்டு வாங்கிய இரும்பு வாஷர்கள். காந்தத் தாள் ஒட்டிய ஸ்வீட் டப்பாவில் நிறுத்தி வைத்தால் ஆட்டோ குலுக்கலிலும் விழாது. ஆனால் நம் ஊர் உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் வாஷர் துருவேறி, லொரேன் ரெஜிமென்ட் மொத்தமும் செம்மண்ணில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. இப்போது வார்னிஷ் அடிக்காமல் எதையும் ஒட்டுவதில்லை.

சிவப்புச் சட்டைதான் பெரிய தலைவலி. ஆங்கிலேயன் சிவப்பு, எல்லோருக்கும் தெரியும். லாலியின் சொந்த ரெஜிமென்ட் பிரான்ஸுக்காகச் சண்டை போட்ட ஐரிஷ்காரர்கள், அவர்களும் சிவப்பு. போர்டில் யார் யாருடைய ஆள் என்று நமக்கே குழம்புகிறது. நண்பன் ஒருதடவை தன் சொந்த ரெஜிமென்ட்டையே சுட்டுவிட்டான். முதலில் சிரித்தோம், அப்புறம் அந்தச் சுடுதல் செல்லும் என்று விதியில் சேர்த்துவிட்டேன்.

சிப்பாய்கள் என்று சொன்னால் இரண்டு பக்கமும் நம் ஆட்கள்தான் நிறைய. கோட்டைக்கு வெளியே பிரெஞ்சுக்காரர்களுக்கு வருகிற சாப்பாட்டு வண்டிகளைத் துரத்தித் துரத்தி அடித்தவன் யூசுப் கான், பனையூர்க்காரன், பின்னாளில் தான் வேலை பார்த்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்று 1764இல் மதுரையில் தூக்கில் தொங்கியவன். இவர்களுக்குப் பொம்மையே கிடையாது. பிரஷ்யனின் தொப்பியை பிளேடால் சீவி எடுத்துவிட்டு, எம்-சீலைப் பிசைந்து, குண்டூசியால் சுற்றிச் சுற்றி முண்டாசு கட்ட வேண்டும். எம்-சீல் தண்ணீர்க் குழாய்க்கு என்று நினைத்தவர்கள் என் மேசையை வந்து பாருங்கள். கெட்டியாவதற்குள் முடிக்க வேண்டும், ஒரு உட்காரலில் எட்டு முண்டாசுக்கு மேல் எனக்கு முடியாது. எட்டாவது எப்போதும் தர்பூசணி மாதிரி இருக்கும்.

முதல்முறை இந்த ஆட்டத்தை விரித்தபோது அக்கா பையன் வந்திருந்தான், பிளஸ் டூ. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊர்க்காரங்க எங்க மாமா?" என்றான். வீடுகள் இருந்தன, இரண்டு படைகள் இருந்தன, ஊரில் ஒரு ஆள் இல்லை. எந்த விதிப்புத்தகத்திலும் அவர்களுக்கு இடமில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்த வாரம் எம்-சீலில் மூட்டையோடு ஓடுகிற ஒருவன், குடத்தோடு ஒருத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு கிழவர் என்று ஒரு டஜன் பேரைச் செய்தேன். அவர்கள் நிற்கிற தெருவில் எந்தப் படை நுழைந்தாலும் தாயக்கட்டை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தப் படை கொள்ளைக்கோ குடிக்கோ போய்விட்டது என்று அர்த்தம், மூன்று சுற்று அதைத் தொட முடியாது. இதற்குக் கேரம் கிளப்பில் கிடைத்த வரவேற்பு வேறெந்த விதிக்கும் கிடைக்கவில்லை. "மச்சான், இது மட்டும் கரெக்டா எழுதியிருக்க."

நடுவில் எம்டனையும் ஆடிப் பார்த்தோம், எல்லோரும் கேட்டார்கள் என்று. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒரு ஜெர்மன் கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது, நம் பாட்டிகள் வாயில் 'எம்டன்' ஒரு தமிழ் வார்த்தையாகவே ஆகிவிட்டது. ஆனால் ஆட்டமாக அது தேறவில்லை. ஒரு பக்கம் சுடும், இன்னொரு பக்கம் எரியும், கரையிலிருந்து திருப்பிச் சுட்டது பேருக்குத்தான். பத்து நிமிடம். பெரிய கதையெல்லாம் நல்ல ஆட்டம் ஆகிவிடுவதில்லை.

முற்றுகையில் எனக்குத் தீராமல் இருந்தது புஸ்ஸி, லாலியோடு வந்த இன்னொரு பிரெஞ்சுத் தளபதி. டிரேப்பர் தெருக்களில் மாட்டிக்கொண்டு கோட்டைக்குத் திரும்பிய நேரம், புஸ்ஸி பக்கத்திலேயே படையோடு இருந்தார். குறுக்கே போய் வழியை மறித்திருந்தால் ஆங்கிலேயர்களில் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்பார்கள். நகரவில்லை. லாலி பிறகு அவர்மேல் பழி போட்டார், அவர் மறுத்தார். இருவருக்கும் முன்பே ஆகாது. கடைசியில் இந்தியாவை இழந்த பழியெல்லாம் சேர்ந்து 1766இல் பாரிஸில் லாலியின் தலை போனது. டிரேப்பரோ அதற்குள் 1762இல் மணிலாவைப் பிடித்துப் பெரிய ஆள் ஆகிவிட்டார்.

எங்கள் போர்டில் புஸ்ஸி நகராமல் இருந்ததே இல்லை. யார் ஆடினாலும் முதல் வேலையாக அவரைத்தான் தள்ளுவார்கள். ஏன் தள்ள மாட்டார்கள், மேலேயிருந்து கழுகு மாதிரி பார்க்கிறோம், டிரேப்பர் எங்கே, அவரிடம் எத்தனை பேர், எந்தச் சந்தில் திரும்புவார் எல்லாம் தெரிகிறது. புஸ்ஸிக்குத் தெரிந்தது புகையும் கூச்சலும் எதிரே ஒரு வீட்டுத் திண்ணையும்தான். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஒரு போர்.

இதற்கு வழி 1824லேயே இருந்தது. ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி தன் ராணுவத்துக்குக் கொடுத்த ஆட்டத்தில் பொம்மையோ அழகோ கிடையாது. வரைபடமும் சின்னக் கட்டைகளும்தான். இரண்டு பக்கத்தாரும் முழு நிலைமையைப் பார்க்கக் கூடாது. நடுவர் ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் அறிவார். உத்தரவை எழுதிக் கொடுக்க வேண்டும், அது போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று நடுவர் கணக்குப் போடுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து பார்த்தோம். நான் நடுவர், போர்டு என் அறையில், கதவு சாத்தி. கேரம் நண்பன் லாலி, ஹாலில். ஆபீஸ் நண்பர் ஒருவர் டிரேப்பர், சமையலறைப் பக்கம், அம்மா காரப்பொரி கொடுத்து நன்றாகக் கவனித்துக்கொண்டாள். அக்கா பையன் புஸ்ஸி, அவனை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டேன், கையில் பென்சிலால் வரைந்த மேப் ஒன்று. சீட்டு கொண்டுபோக அவன் தங்கச்சி, நான்காம் வகுப்பு.

டிரேப்பர் உள்ளே வந்தார், அடித்தார், அடி வாங்கினார், திரும்ப ஆரம்பித்தார். அந்தச் செய்தி சீட்டாக ஹாலுக்குப் போனதும் லாலி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டான். ஒரு பேப்பரைக் கிழித்து, "புஸ்ஸி, உடனே எறங்கி கோட்டைக்குப் போற வழிய மறி" என்று எழுதிக் கொடுத்து, "ஓடு பாப்பா" என்றான். ஓடினாள். படிக்கட்டு வரைக்கும் சரியாகத்தான் ஓடினாள், அங்கே தெருவில் குச்சி ஐஸ் வண்டி மணி கேட்டிருக்கிறது.

நான் உள்ளே சுற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், டிரேப்பரின் ஆட்கள் ஒவ்வொரு நான்கு அங்குலமாகக் கோட்டையை நெருங்குகிறார்கள், சிவப்புச் சட்டை ஐரிஷ்காரர்கள் அப்படியே நிற்கிறார்கள். மாடியிலிருந்து குரல் வந்தது. "மாமா! கீழ சத்தமா இருக்கே, நான் நகரட்டுமா, வேணாமா?"

நடுவர் பதில் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். கஷ்டமாக இருந்தது.

மூன்று சுற்று கழித்து அவள் மேலே போனபோது டிரேப்பர் கோட்டைக்குள் போய்க் கதவைச் சாத்தியாயிற்று. அப்புறம் ஹாலில் ஒரே சண்டை. "அவன் நகரவே இல்லடா, சும்மா மாடில காத்து வாங்கினு இருந்திருக்கான்" என்று லாலி. "எனக்கு ஆர்டரே வரலண்ணா, வராம நான் எப்படி எறங்குவேன்" என்று புஸ்ஸி. "சத்தம் கேட்டுச்சில்ல, நீயா வரணும்" என்று லாலி. நடுவில் சின்னது மட்டும் எதுவும் பேசாமல் ஆரஞ்சு நாக்கோடு நின்றுகொண்டிருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தேன், ஐஸ் சொட்டி மை கலைந்திருந்தது. மற்றதெல்லாம் படிக்க முடிகிறது, 'உடனே' மட்டும் இல்லை.